பாறையும் மலைமண்ணின் வளமும்

(மலைப்பகுதி வளர்ச்சிப் பணிகளில் ஈடுபட்டுள்ள அலுவலர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இமயத்தின் குமாவோன் பகுதியில் நிலத்தை அளப்பதற்கு ‘நாலி’ என்னும் அளவு வழங்கி வருகிறது. நாலி என்பது முதலில் தானியம் அளக்கும் படியின் பெயர். ஒரு நாலி விதை எவ்வளவு நிலத்திற்குப் போதுமோ, அந்த நிலமும் நாலி என்றே பெயர் பெற்றது. அது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். ஐம்பது நாலி கூடினால் ஒரு ஹெக்டேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவரியை நிர்ணயிப்பதற்காக அம்மலைகளில் ஏறிய அலுவலர்கள் நிலங்களை நான்கு தரங்களாக வகுத்தனர். பள்ளத்தாக்கில் ஓடைநீர் பாயும் ‘தலாவூன்’ நிலம் முதலாவது. மானாவாரி மேட்டுநிலமாகிய ‘உப்ராவூன்’ தன்னுள் இரு தரங்களாகி அடுத்த இரண்டு இடங்களைப் பெற்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே விதைக்கப்படும் ‘இஜ்ரான்’ கடைசி. அவர்கள் மண்ணியல் பயின்றவர்கள் அல்லர். வரி வாங்கச் சென்றவர்கள். எனினும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்திற்குள், நான்கு வகை நிலங்கள் உண்டென்பதை உழவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டனர்.

2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. மண்ணின் அமில நிலை, கரிமப் பொருள், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலாகப் பன்னிரண்டு அளவைகளைச் சோதித்து ஒவ்வோர் உழவர் கையிலும் அட்டை வழங்குவது அதன் நோக்கம். மிக நல்ல நோக்கம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் தொடக்க விதிகளின்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுக்கப்பட வேண்டும். 10 ஹெக்டேர் என்பது குமாவோன் கணக்கில் 500 நாலி. சமவெளியில் 10 ஹெக்டேர் ஒரே மண்ணாக இருக்கக் கூடும். மலையில் அதற்குள் வெயில் விழும் தெற்குச் சரிவும், நிழல் விழும் வடக்குச் சரிவும், ஓர் ஓடையும், இரண்டு மூன்று வகைப் பாறைகளும் அடங்கிவிடும். பல குடும்பங்களின் துண்டு நிலங்கள் அத்தனைக்கும் ஒரே அட்டை பேசுகிறது. வரி வாங்கியவர்கள் கண்ட நான்கு தரங்கள், உரம் பரிந்துரைக்கும் காலத்தில் இரண்டாகச் சுருங்கிவிட்டன. இதனைச் சிறு நிர்வாகக் குறையென்று தள்ளிவிட முடியாது. மலைமண்ணின் வளம் பாறையிலிருந்து வருகிறது. பாறையை அறியாமல் மலைக்கு உரத்திட்டம் வகுப்பது, கணக்கேட்டைப் பாராமல் வரவு செலவுத் திட்டம் வகுப்பதற்கு ஒப்பாகும்.

கல் மண்ணாகும் வகை

பாறையின் வெடிப்பில் புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகிப் பாறையைப் பிளக்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மரவேர்களும் அவ்வேலையைத் தொடர்கின்றன. ஆனால் உடைந்த கல், எவ்வளவு சிறியதாயினும், கல்லே. அது பயிருக்கு உணவாவதில்லை. உணவாக்கும் வேலையைச் செய்வது நீரில் கரைந்த கரியமில வாயு. மழைநீர் அதனைக் காற்றிலிருந்து ஓரளவும், மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடுவதிலிருந்து பன்மடங்கும் பெற்று, மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கனிமங்களை அரித்து, சாம்பல் சத்தையும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் விடுவிக்கிறது, எஞ்சியது களிமண்ணாகிறது. விடுபட்ட சத்துக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வேர் கேட்கும்போது கொடுக்கும் கிடங்கும் அந்தக் களிமண்ணே.

எல்லாக் கனிமங்களும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. அமெரிக்க நிலவியலாளர் சாமுவேல் கோல்டிச் 1938-இல் இதனை ஒரு வரிசையாக வகுத்துக் காட்டினார். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கருநிறக் கனிமங்கள் முதலில் சிதைகின்றன. ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் இடையில் நிற்கின்றன. குவார்ட்ஸ் எல்லாவற்றிற்கும் கடைசி. குவார்ட்ஸ் சிதைந்தாலும் அதிலிருந்து பயிருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அது வெறும் மணல். ஆகவே மலையில் நிற்பது என்ன பாறை என்பது, அங்கு என்ன சத்து, எந்த வேகத்தில் கிடைக்கும் என்பதற்கு முதல் விடையாகிறது.

மணிச்சத்தின் கதை சற்றுத் தனியானது. தழைச்சத்து காற்றில் 78 சதவீதம் உள்ளது. அவரை இனப் பயிர்கள் அதனைப் பிடித்துத் தருகின்றன. மணிச்சத்துக்கு அத்தகைய வழி இல்லை. புவியின் மேலோட்டில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளது. ‘அபடைட்’ என்னும் கனிமத்திலிருந்தே பெரும்பாலும் வரவேண்டும். பாறையில் இல்லாத மணிச்சத்தை மண்ணில் தேட முடியாது. மூட்டையில்தான் வாங்க வேண்டும். தழைச்சத்து முழுவதும் காற்றிலிருந்தே வருகிறது என்னும் பழைய பாடத்திற்கும் ஒரு திருத்தம் வந்துள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலடிச் சேற்றிலிருந்து உருவான பாறைகளுள் பழைய உயிர்ப்பொருளின் தழைச்சத்து தங்கியிருந்து, அப்பாறை சிதையும்போது மண்ணுக்குத் திரும்புகிறது. பாறைக்கும் பயிருக்கும் உள்ள உறவு முன்பு எண்ணியதினும் நெருக்கமானது போலும்.

இளைய மலையின் இயல்பு

இமயம் இளைய மலை. இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. மோதல் இன்னும் ஓயவில்லை. மலை உயர்ந்து கொண்டேயிருப்பதால் ஆறுகள் ஆழமாக அரிக்கின்றன. புதிய பாறை ஓயாமல் வெளிப்படுகிறது. எனவே இம்மண்ணில் சிதையாத கனிமங்கள் ஏராளம். ஆனால் மண்ணின் ஆழம் குறைவு. கையிருப்பு பெரிது, கைக்கு வருவது சிறிது.

குமாவோனுக்குள்ளேயே இதன் வேறுபாடுகளைக் காணலாம். அல்மோரா நகரைச் சூழ்ந்த மலைகளில் மைக்கா மிகுந்த படலப் பாறைகளும் நைஸ் பாறைகளும் உள்ளன. மைக்கா சிதையும்போது சாம்பல் சத்து மெல்ல மெல்ல விடுபடுகிறது. இத்தகைய சரிவுகளில் தழைச்சத்தும் மணிச்சத்தும் முதலில் தேவைப்படுமே அன்றிச் சாம்பல் சத்து அன்று. அருகிலேயே குவார்ட்ஸைட் பாறைமுகடு ஒன்று குறுக்கிட்டால், அதன் அடிவாரத்தில் நீரும் நில்லாத, சத்தும் நில்லாத மணல் நிலம். நைனிதாலையும் மசூரியையும் சுற்றிச் சுண்ணாம்புக் கல்லும் டோலமைட்டும் வருகின்றன. சுண்ணாம்பு மண் வளமானது என்பது பொதுவான எண்ணம். அமிலத்தன்மை இல்லாத மண் என்பது உண்மையே. ஆனால் சுண்ணாம்புக் கல் நீரில் கரைந்து போய்விடும் பாறை. அதிலுள்ள கரையாத கசடு மட்டுமே மண்ணாக எஞ்சும். நூற்றுக்கு ஐந்து பங்கு கசடுள்ள பாறையாயின், ஒரு மீட்டர் கனமுள்ள கல் கரைந்து ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கே மண்ணைத் தரும். சுண்ணாம்பு மலைகளில் நல்ல மண்ணும் மொட்டைப் பாறையும் அடுத்தடுத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

ஸ்லேட், ஃபில்லைட் போன்ற ஏடேடாகப் பிரியும் பாறைகள் இதற்கு நேர்மாறானவை. அவை விரைவில் உடைந்து ஆழமான மண்ணைத் தருகின்றன. அதே காரணத்தால் விரைவில் சரியவும் செய்கின்றன. 1880 செப்டம்பர் 18 அன்று நைனிதாலில் ஷேர்-கா-தண்டா சரிவு இடிந்து விழுந்து 151 பேர் மாண்டனர். மலையுழவரின் இக்கட்டு இங்கேதான் உள்ளது. இமயச் சிற்றூர்கள் பல, பழைய நிலச்சரிவுகள் கொட்டி வைத்த மேடுகளின் மீதே அமைந்திருக்கின்றன. மூதாதையர் அறியாமையால் அவ்விடங்களைத் தேர்ந்து கொண்டனர் என்று கருதுதல் தவறு. நொறுங்கிக் குவிந்த புதிய பாறைத் துகளும், ஆழமான மண்ணும், ஊற்று நீரும், ஓரளவு தணிந்த சரிவும் அங்கேதான் ஒருசேரக் கிடைத்தன. வளம் தரும் நிகழ்ச்சியும் உயிர் பறிக்கும் நிகழ்ச்சியும் ஒன்றே. அங்குச் சாலை வெட்டத் திட்டமிடுவோர், சரிவின் அடியைக் குடையும்போது அவ்வூரின் தலைசிறந்த நிலத்தின் காலையே வெட்டுகின்றனர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

லடாக், ஸ்பிதி போன்ற குளிர்ப் பாலை நிலங்களைப் பற்றி ஒரு சொல் போதும். அங்கு உறைபனி பாறையை மாவாக அரைத்து வைத்திருக்கிறது. ஆனால் குளிரும் வறட்சியும் இரசாயனச் சிதைவை நிறுத்தி வைக்கின்றன. மண்ணில் உயிர்ப்பொருள் அரிது. வீட்டின் உலர் கழிப்பிடத்து எருவையும் சேமித்து வயலுக்கு அனுப்பும் லடாக்கியரின் வழக்கம் இந்தக் குறையை அறிந்து ஏற்பட்டது.

முதிய மலையும் பெருமழையும்

ஒரே பாறை எங்கும் ஒரே மண்ணைத் தரும் என்றும் கொள்ளலாகாது. தக்காணத்தின் பசால்ட் பாறை இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது அது. சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த, விரைவில் சிதையக் கூடிய பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், ஆண்டுக்கு 5,000 மில்லி மீட்டருக்கும் மேல் மழை பெய்யும் மகாபலேசுவரத்தில், அந்தப் பாறையின் சத்தெல்லாம் கழுவுண்டு போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சி லேட்டரைட் கல்லாக இறுகிவிட்டது. மலையைக் கடந்து கிழக்கே மழை மறைவுப் பகுதிக்குள் இறங்கினால், அதே பசால்ட்டிலிருந்து பிறந்த கரிசல் மண் பருத்தியும் சோளமும் விளைவிக்கிறது. பாறை முதலீடு, மழை அதனைச் செலவிடும் வேகம். செலவு வரம்பு மீறினால் முதலே கரைகிறது.

மேகாலயத்தில் இது முற்றிய நிலையைக் காணலாம். சிரபுஞ்சியின் சராசரி ஆண்டு மழை 11,000 மில்லி மீட்டரைத் தாண்டுகிறது. சில்லாங் பீடபூமியின் நைஸ் பாறைகள் மிகத் தொன்மையானவை. காலமும் மழையும் சேர்ந்து அங்குள்ள மேட்டு மண்ணை அமில மண்ணாக்கிவிட்டன. அமிலம் மிகும்போது அலுமினியம் கரைந்து வேர்நுனியை நஞ்சாகத் தாக்குகிறது. இட்ட மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பற்றிக் கொண்டு பயிருக்கு விடுவதில்லை. உழவர் விலைகொடுத்து வாங்கிய சூப்பர் பாஸ்பேட்டின் பெரும்பங்கு இவ்வாறு மண்ணுக்குள் சிறைப்படுகிறது. விதைச் சாலில் ஹெக்டேருக்குச் சில குவிண்டால் சுண்ணாம்பு இட்டால் இந்தச் சிறை ஓரளவு திறக்கும் என்பது வடகிழக்கு மலைப்பகுதிக்காக 1975-இல் அமைக்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி மையம் நெடுநாட்களாகக் கூறிவரும் பரிந்துரை.

இவ்விடத்தில் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. காசி மலைகளின் தென்விளிம்பில் சுண்ணாம்புக் கல் மலை மலையாகக் கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அது கீழே இறங்கி ‘சில்ஹட் சுண்ணாம்பு’ என்ற பெயரில் வங்காளத்துக் கட்டடங்களுக்குச் சென்றது; இந்நூற்றாண்டில் சிமெண்டு ஆலைகளுக்காக எல்லை கடந்து வங்கதேசத்திற்குள்ளும் செல்கிறது. கீழ்நோக்கிச் செல்லும் சரக்கிற்குச் சந்தையும் உண்டு, பாதையும் உண்டு. மேலே ஏறி, மூன்று நாலு துண்டு நிலம் வைத்திருக்கும் உழவரின் வயலை அடைய வேண்டிய சுண்ணாம்புக்கு இரண்டும் இல்லை. உர மானியத்தில் நாடு செலவிடும் பெருந்தொகையில் சுண்ணாம்பை மலையேற்றும் கூலிக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டால், முன்பே மண்ணில் சிறைப்பட்டுக் கிடக்கும் மணிச்சத்தில் ஒரு பகுதியேனும் பயிருக்குக் கிட்டும்.

ஒரு மலையின் பாறை மற்றொரு மலைக்கு உதவிய வரலாறும் உண்டு. மசூரிக்கு அருகே மால்தேவ்தா, துர்மாலா ஆகிய இடங்களில் மணிச்சத்துப் பாறை வெட்டியெடுக்கப்பட்டு, பொடியாக்கப்பட்டு, ‘மசூரி ஃபாஸ்’ என்னும் பெயரில் விற்பனையாயிற்று. தொழிற்சாலையில் அமிலத்தைக் கொண்டு இப்பாறையைக் கரைத்தால்தான் பொதுவாக உரமாகும். ஆனால் மண்ணே அமிலமாக இருக்குமிடத்தில் அந்த வேலையை மண்ணே செய்துவிடுகிறது. தென்னாட்டுத் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களின் அமில மண்ணில் அது நெடுங்காலம் இடப்பட்டு வந்தது. அதே பொடியைச் சுண்ணாம்பு மண்ணில் இட்டால் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும். மணிச்சத்து உரத்திற்கான மூலப்பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டிற்கு இது சிறு செய்தியன்று.

அண்மையில் பசால்ட் தூளை வயல்களில் தூவி, காற்றின் கரியமில வாயுவைக் கட்டுவதோடு மண்ணுக்கும் சத்தூட்டும் முயற்சிகள் இந்தியாவிலும் தோன்றியுள்ளன. இயற்கை செய்யும் வேலையை அரைத்துக் கொடுத்து விரைவுபடுத்துவதே இதன் தத்துவம். அமில மண்ணுக்குப் பொருத்தமான தத்துவம்தான். எனினும் கல்லை உடைப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் ஆகும் எரிபொருளையும், கரியமிலக் கணக்கின் வருவாயில் உழவருக்கு வரும் பங்கையும் எழுதிப் பார்த்த பின்னரே ஊக்கம் கொள்ளுதல் நலம்.

தழைச்சத்தைப் பொறுத்தவரை மலைமக்கள் பிறரை எதிர்பார்த்திருக்கவில்லை. நாகாலாந்தின் கோனோமா ஊரார் மாற்றிட வேளாண்மை நிலங்களில் ஆல்டர் மரத்தை வேரோடு அழிக்காமல் தலை வெட்டி வளர்க்கின்றனர். சிக்கிமில் பெரிய ஏலக்காய்க்கு நிழலாக அதே மரம் நிற்கிறது. அதன் வேர் முடிச்சுகள் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கின்றன. சரிந்து மொட்டையான சரிவிலும் முதலில் முளைக்கும் மரங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் ஆல்டருக்கும் மணிச்சத்து வேண்டும். அதைப் பாறைதான் தர வேண்டும்.

முதலும் தேய்மானமும்

ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக, இளகிய பாறையில் நூறு ஆண்டுகளும், கடினப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். இழப்போ வேறு கணக்கில் நடைபெறுகிறது. துருவ நாராயணாவும் ராம் பாபுவும் 1983-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சராசரியாக 16 டன்னுக்குச் சற்று அதிகமான மண் இடம்பெயர்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் கனமுள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 13 டன். அதாவது ஆண்டுக்கு ஒன்றேகால் மில்லி மீட்டர்; எட்டு ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர். நூறாண்டு வரவை எட்டாண்டில் செலவிடும் குடும்பத்தின் நிலை எதுவோ அதுவே இது. இது நாட்டின் சராசரி. செங்குத்துச் சரிவில் காடழிந்த இடங்களின் கணக்கு இதனினும் கடுமையானது. மண்வெட்டி படாத மலையிலும் அரிப்பு உண்டு, அது புதிய பாறையை வெளிக்கொணர்ந்து உதவுகிறது என்பதும் மெய்யே. ஆனால் அந்த உதவி, அரிப்பின் வேகம் சிதைவின் வேகத்தை மீறாதவரை மட்டுமே.

இந்த இரு வேகங்களுக்கும் இடையே நிற்பது படிக்கட்டு வயலின் கல்சுவர். அது மண்ணைத் தடுத்து நிறுத்துகிறது. நீரை உள்ளே இறங்கச் செய்து பாறையின் சிதைவுக்கும் துணை புரிகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திற்குப் பின்னும் சரிந்த கற்களை எடுத்தடுக்க ஆள் வேண்டும். ஓக் காட்டின் சருகையும் மாட்டுத் தொழுவின் எருவையும் கூடையில் சுமந்தேற்றப் பெண்கள் வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் இடையே உத்தராகண்டின் அல்மோரா, பௌடி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை குறைந்தது எனக் கணக்கெடுப்பு காட்டிற்று. ஆளில்லாத ஊரில் சுவர் முதலில் ஓரிடத்தில் சரிகிறது. அதன் வழியே மேல்படியின் மண் கீழ்படிக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போகிறது. வெளியேறிய குடும்பம் பத்தாண்டு கழித்துத் திரும்பினாலும் வீட்டைப் பழுது பார்த்துக் கொள்ளலாம். மண்ணை மீட்க வழியில்லை. ஊரக வேலை உறுதித் திட்டம் போன்ற திட்டங்களின் கீழ்ப் புதிய தடுப்பணைகளைக் கட்டுவதில் காட்டப்படும் ஆர்வம், பழைய சுவர்களைப் பழுது பார்ப்பதில் காட்டப்படுவதில்லை. புதியது கண்ணுக்குத் தெரிகிறது, அளவுப் புத்தகத்தில் எளிதாக ஏறுகிறது என்பதன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1974-இல், மலைப்பகுதி வளர்ச்சித் திட்டமும் மேற்குத் தொடர்ச்சி மலை வளர்ச்சித் திட்டமும் தொடங்கப்பட்டன. அன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டு மலை மாவட்டங்களும், அஸ்ஸாமின் இரு மலை மாவட்டங்களும், டார்ஜிலிங் பகுதியும், நீலகிரியும் முன்னதில் இடம்பெற்றன. மலைக்குத் தனித் திட்டம் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். ஆனால் இளைய மலையும் முதிய மலையும் ஒரே தலைப்பில் வைக்கப்பட்டன. ஒன்றுக்கு வேண்டியது மண்ணைப் பிடித்து வைத்தல். மற்றொன்றுக்கு வேண்டியது அமிலத்தைத் தணித்தல். ஒரே விதிப்புத்தகம் இரண்டுக்கும் பொருந்தாது.

இதனைச் சீர்செய்யப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. 1851-இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ மீட்டர் என்னும் அளவில் பாறை வரைபடங்களை ஆக்கி வைத்திருக்கிறது. நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு அலுவலகம் மண் வரைபடங்களை வைத்திருக்கிறது. முன்னது சுரங்கத்திற்கு, பின்னது வேளாண்மைக்கு என இரு அமைச்சகங்களின் கீழ் அவை தனித்தனியே உள்ளன. வட்டார வேளாண் அலுவலரின் மேசைமீது இரண்டும் ஒருங்கே விரிந்தால், மாதிரி எடுக்கும் இடங்களைக் கட்டம் கட்டமாக அன்றி, பாறை மாறும் இடத்திலும் சரிவு திரும்பும் இடத்திலும் குறிக்க முடியும். 2019-20-இல் வட்டாரத்திற்கு ஓர் ஊரைத் தெரிந்து, ஒவ்வொருவர் நிலத்திலும் தனித்தனியே மாதிரி எடுத்துப் பார்த்த முன்னோடி முயற்சி நல்ல தொடக்கம். மலை மாவட்டங்களில் அதையும் முழுமையாகப் பின்பற்ற வேண்டியதில்லை. ஊர் ஒன்றுக்கு ஏழெட்டு இடங்களைச் சரியாகத் தேர்ந்தாலே பெரும்பாலும் போதும். தலாவூன் எது, இஜ்ரான் எது, கொள்ளு மட்டுமே விளையும் படி எது, கோதுமை தாங்கும் படி எது என்பதை ஊரில் வயதான பெண்மணி ஒருவர் அரை நாளில் காட்டிவிடுவார்.

மண் மாதிரியைப் பயிர் நிற்காத காலத்தில் எடுக்க வேண்டும். குமாவோனில் கேழ்வரகும் குதிரைவாலியும் அறுவடையான பின், கோதுமை விதைப்பதற்கு முன் கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் எரு சுமந்தேற்றும் வேலையும் தொடங்கிவிடும். எருவிட்ட பின் எடுக்கும் மாதிரி பாறையின் கணக்கைச் சொல்லாது. ஆகவே வரைபடங்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலை மழைக்காலத்திலேயே அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டும்.